சொம்புக்குள் பேசியவர்

தந்தி வந்தபோது பகல் பதினொன்று பத்து. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் படிவத்துக்கு ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் கதவருகே வந்து நின்றார். அவர் உள்ளே வராமல் நின்ற விதத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. தந்தியில் நாலே சொற்கள். பலராமன் இறந்துவிட்டார், உடனே புறப்படவும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்.

என் அண்ணன் அந்த மொழியைப் பல வருஷம் கேலி செய்தார். பிறகு அது தெரிந்ததுபோல் சில வருஷம் நடித்தார். அவர் செத்த செய்தி அதில்தான் வந்து சேர்ந்தது.

அன்று 1962 ஆகஸ்டு பதினாலு, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேரப்போகிறது என்று ஊரெல்லாம் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகும்போது தோரணம் கட்டியவர்கள் ஏணியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார்கள். பிறகு ஏணியைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அவரை ஊருக்குத் தெரியும், ஆனால் முகத்தைத் தெரியாது. பத்து வருஷம் அவர் சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில், இருட்டில், ஒரு முக்காலிமேல் உட்கார்ந்து மைக்கில் பேசியவர். வெளிநாட்டுப் படங்கள் ஓடும்போது கதையைத் தமிழில் சொல்வது அவர் வேலை. பகலில் நோத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திரப்பதிவு அதிகாரி ஒருவரிடம் பத்திரம் எழுதினார். மாலையில் கொட்டகை. பிரெஞ்சுப் படங்கள் வந்த காலத்தில் அவருக்கு இணை கிடையாது. திரையில் ஒருவன் வாயைத் திறந்து மூடுவதற்குள் அதைத் தமிழில் சொல்லி, கூடவே அவனைப் பற்றி ஒரு வம்பும் சேர்த்துவிடுவார். பெற்றோர் இறந்தபின் என்னை வளர்த்தவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் அந்த மைக்கில்தான் நடந்தன.

நான் மதராசுக்கு ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் சிரித்தார். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு அப்போது ஆங்கிலம் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் பாஷை.

"இங்கிலீஷா? கடலூர் ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்கறதுக்கா, வேம்பு?"

ஆனாலும் அனுப்பினார்.

1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் நோத்தேர் கப்பலேறினார். அண்ணனுக்கு நற்சான்றிதழ் ஒன்றையும் பழைய குடை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். கொட்டகைக்குப் பிரெஞ்சுப் படங்கள் வருவது நின்று, மதராசிலிருந்து ஆங்கிலப் படங்கள் வர ஆரம்பித்தன. அண்ணனுக்கு ஆங்கிலத்தில் எண்களும் நாலைந்து வசவுகளும்தான் தெரியும். அதை அவர் கொட்டகை முதலாளி சுப்பராயனிடம் சொல்லவில்லை. சொன்னால் மைக் போய்விடும். பகல் வேலை போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் சமாளித்தார். குதிரைப் படங்களும் கத்திச் சண்டைப் படங்களும் வந்தவரை கஷ்டமில்லை. கெட்டவன் யார், நல்லவன் யார் என்பதைத் தொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீதிக் கதையைத் தானே கட்டினார். அசல் கதையைவிட அது நன்றாக இருந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அசல் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

1958 ஐப்பசியில் அந்தப் படம் வந்தது. வானத்திலிருந்து ஒன்று கடலில் விழுகிறது. குளிர்ந்த கடலோரத்தில் ஒரு சின்ன மீனவர் ஊர். கடலுக்குப் போகிறவர்களில் ஒருவர் இருவராகத் திரும்பாமல் போகிறார்கள். அந்தி வேளையில், திரும்பாதவர்களின் குரல் அவரவர் வீட்டு வாசலில் கேட்கிறது. படம் இவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தி விளக்கேற்றுவாள். ஒரு கிழவன் வலையைத் தைப்பான். மூடுபனி ஏறி வரும். சண்டை இல்லை, குதிரை இல்லை, தொப்பியும் இல்லை.

முதல் நாள் ஜனங்கள் நாற்காலியைத் தட்டினார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். படம் முடிந்ததும் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, இது ஓடவில்லையென்றால் இனி வாய்க்குச் சம்பளம் கிடையாது, மதராசில் கொட்டகைக்காரர்கள் எல்லாரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்றார்.

மறுநாள் அண்ணன் வீட்டிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் செய்தது இதுதான். எதுவும் நடக்காத அந்த ஒரு மணி நேரத்தைத் தன் வசமாக்கிக்கொண்டார். ஜனங்கள் சலிக்கிற இடத்தில் சலிப்பையே பயமாக மாற்றினார். விளக்கேற்றுபவளைக் காட்டும்போது தாழ்ந்த குரலில், "இன்னும் வரல" என்பார். பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். கிழவன் வலையைக் கீழே வைத்தால், மறுபடியும், "இன்னும் வரல." மூன்றாவது தடவையில் பெண்கள் பக்கத்தில் யாராவது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார்கள். வாசலில் குரல் கேட்கிற காட்சி வந்ததும் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, சொம்பை வாயருகே வைத்துப் பேசுவார். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வரும்.

"இந்தா… நான்தான். ஒடம்பெல்லாம் தண்ணி. குளிருது. கதவத் தொற."

கடைசியில் வானத்திலிருந்து விழுந்த அந்த ஜந்துவை ஒரே ஒரு நிமிஷம் காட்டுவார்கள். நனைந்த கோணிக்குக் கண் வைத்ததுபோல் இருக்கும். ஜனங்கள் சிரிப்பார்கள். அதனால் ஒன்றும் குறையவில்லை. பயப்பட வேண்டியதற்கு அவர்கள் ஏற்கெனவே பயந்து முடித்திருந்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். மார்க்கெட்டில் காசு தர வேண்டியவன் தலை தெரியாவிட்டால், "இன்னும் வரல" என்றார்கள். விழுப்புரம் பஸ் தாமதமானால் அதற்கும் அதுவே. கொட்டகை நிறைந்தது. முதலாளி முக்காலியை எடுத்துவிட்டு அண்ணனுக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்று போட்டார். அண்ணன் கடிதத்தில் படத்தைப் பற்றி ஒரு வரியும் நாற்காலியைப் பற்றி அரைப் பக்கமும் எழுதியிருந்தார்.

தீபாவளி விடுமுறைக்கு நான் வந்தேன். பகல் காட்சிக்குப் போனேன். காலையில் மீன் விற்று முடித்த பெண்கள் காலிக் கூடைகளை வெளியே அடுக்கிவிட்டு முன்வரிசை மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி குரல் வரும் காட்சியில் மட்டும் தலைமுடியை ஒதுக்கிக் காதைத் திரையின் பக்கம் திருப்பியதைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. மற்ற எல்லாரும் பயந்தார்கள்.

நான் அன்று கேட்டது வேறு. அண்ணன் குரலுக்கு அடியில் படத்தின் ஆங்கிலமும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அந்த ஆளு கதவத் தொறக்கச் சொல்லல."

"பின்ன?"

"தொறக்காதன்னு சொல்றான். கதவச் சாத்து, நானே வந்து கூப்ட்டாலும் தொறக்காத. சாவறதுக்கு முன்னாடி கரையிலிருந்து பொண்டாட்டிக்குக் கத்திச் சொன்ன கடைசி வார்த்தை அது. அவன அடிச்ச ஜந்து அத அப்படியே திருப்பிச் சொல்லுது. அவ வார்த்தையக் கேக்கல, கொரலக் கேட்டுத் தொறந்துடறா."

"அந்த ஜந்துவுக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது. சும்மா திருப்பிச் சொல்லுது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அப்ப அதுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு," என்றார். "அதுக்கு வார்த்தையாவது சரியா வருது."

மாற்றிச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. கூட்டம் வருகிறது, நீயும் இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும் என்றார் அவர். எனக்கும் அது சரியாகவே பட்டது.

இரண்டு நாள் கழித்து வீராம்பட்டினத்திலிருந்து சாமிக்கண்ணு என்பவர் வந்தார். ஓலையில் சுற்றிய ஒரு வஞ்சிரத்தை வாசலில் வைத்துவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றே பேசினார். அவருடைய தம்பி வடிவேல் போன கார்த்திகைப் புயலில் கடலோடு போய்விட்டான். உடல் வரவில்லை. உடல் வராதவனுக்கு அவர்கள் பக்கத்தில் ஒரு வருஷம் பார்ப்பார்கள். பிறகு வைக்கோலில் ஓர் உருவம் கட்டிக் கரையில் காரியம் செய்து, அவன் மனைவியின் தாலியை இறக்குவார்கள். வருஷம் முடிய இன்னும் மூன்று வாரம். அந்த மனைவி, அஞ்சலாட்சி, காரியம் வேண்டாம் என்கிறாள். மீன் விற்றுவிட்டுத் தினமும் படத்துக்குப் போகிறாள். சாயங்காலம் ஆனால் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். புருஷன் இருக்கிறார், கூப்பிடுகிறார், அவர் கூப்பிடும்போது நான் எப்படித் தாலியை இறக்குவேன் என்று கேட்கிறாள்.

"இந்தான்னு எங்க கரையில எல்லாரும்தான் பொண்டாட்டியக் கூப்புடுவோம்," என்றார் சாமிக்கண்ணு. "அதுவும் தெரியும் அவளுக்கு. ஆனா கொரலு அவன் கொரலு மாதிரியே கீதுங்கறா. ஒருவாட்டி மாத்திச் சொல்லுங்க ஐயா. போயிட்டேன்னு சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் அவ கேக்க மாட்டா."

அண்ணன் என்னைப் பார்த்தார். பொய்யாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை, படத்தில் உள்ளதைச் சொன்னாலே போதும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. சரி என்றார். நல்ல காரியம் செய்யப்போகிறோம் என்ற நினைப்பில் அன்று அந்த மீனை இரண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் பகல் காட்சி. அஞ்சலாட்சி முன்வரிசையில் இருந்தாள். "இன்னும் வரல" என்று அண்ணன் சொன்னபோது கொட்டகை முழுவதும் கூடவே சொன்னது. அந்தக் காட்சி வந்தது. "கதவத் தொற" என்பதற்கும் எல்லாரும் வாயைத் தயாராக வைத்திருந்தார்கள். சொம்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கதவச் சாத்து. நானே வந்து கூப்ட்டாலும் தொறக்காத. நான் இல்ல அது."

பின்னால் இரண்டு பேர் பழைய வரியையே சொல்லிவிட்டார்கள். பிறகு விசில். மாற்றிச் சொல்கிறான், குடித்துவிட்டான், காசைக் கொடு என்று கத்தினார்கள். சோடா மூடிகள் திரையில் பட்டு விழுந்தன. முதலாளி ஓடிவந்து மைக்கை அணைத்துவிட்டு, என்ன உளறுகிறாய் என்று கேட்டார். படத்தில் அதுதான் சொல்கிறான், அதுதான் இங்கிலீஷ் என்றார் அண்ணன்.

"இன்னிக்குத்தான் உனக்கு இங்கிலீஷ் வந்துதா?" என்றார் முதலாளி. "அப்ப மூணு வருஷமா என்னா சொல்லிக்கிட்டிருந்த?"

அண்ணன் சொம்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது. முதலாளி நாற்காலியைத் தள்ளி வைக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து டிக்கெட் கிழிக்கிறவன் மைக்கில் உட்கார்ந்து, "கதவத் தொற" என்று கத்தினான். படம் இன்னும் பதினொரு நாள் ஓடியது. யாரும் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை.

அஞ்சலாட்சி படம் முடியும் முன்பே எழுந்து போயிருந்தாள். சொன்னது பலித்தது என்று நினைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வாசல் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். கூடையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு அவள் நின்றிருந்தாள். டிக்கெட் கிழிக்கிறவனின் குரலைக் கேட்டு, அது அவரில்லை என்று தெரிந்துகொண்டு, குரலைத் தேடி வீட்டை விசாரித்து வந்திருக்கிறாள்.

"ஐயா," என்றாள் கதவைப் பார்த்து. "ஒரு தபா கூப்புடுங்க. பழைய மாதிரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டுட்டுப் போயிடறேன்."

அண்ணன் எழுந்து போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். நான் பின்னாலிருந்து, "தொறக்காதண்ணே," என்றேன்.

எனக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை அவர் கூப்பிட்டால் அவள் ஒருநாளும் காரியத்துக்குச் சம்மதிக்க மாட்டாள், ஊரில் வம்பு வரும், அவளுக்கே அது கெடுதல் என்று அடுக்கடுக்காகச் சொன்னேன். எல்லாம் சரியான காரணங்கள். இப்போது யோசித்தாலும் ஒன்றுகூடத் தப்பாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். அவள் விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் மதராசுக்குத் திரும்பினேன். அவள் அதற்குப் பிறகும் மூன்று வெள்ளிக்கிழமை வந்ததாகவும், நான் சொன்னபடியே கதவைத் திறக்கவில்லை என்றும் அண்ணன் எழுதினார். கடைசி வெள்ளிக்கிழமை கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைப் படியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். மறந்து போனாளா, வேண்டாம் என்று போட்டுப் போனாளா தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதன் பிறகு அவள் வரவில்லை. கரையில் வைக்கோல் உருவத்துக்குக் காரியம் நடந்தது. அவளைப் பிடித்து உட்கார வைத்துத்தான் நடத்தினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

என் படிப்பின் கடைசி ஆறு மாதச் செலவுக்கு அண்ணன் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டார். பிறகு கருவூலத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்கு வருஷம் அவர்களில் சிலர் செத்துக்கொண்டிருந்தார்கள். சினிமாவுக்கு அவர் போகவில்லை. பேச்சும் குறைந்துபோனது. கூட்டத்தையே மூச்சடக்கி உட்கார வைத்த மனிதர், சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவார். சொம்பில் தண்ணீர் வைத்தால் குடிக்க மாட்டார், டம்ளரில் ஊற்றித் தரச் சொல்வார். நான் வேலைக்குப் போன பிறகு என் பழைய ஆங்கில வாசகப் புத்தகம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு தானே படித்தார். பதினாலாவது பாடம்வரை ஓரத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதியிருக்கிறது. தந்தியில் இருந்த நாலு சொற்களையும் அவரே எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரத்தடியில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். மனுவுக்கு வந்தவர் பாதி எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனதாகச் சொன்னார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் சாமிக்கண்ணு வந்தார். இந்தத் தடவையும் உட்காரவில்லை. நாலு வருஷத்தில் கிழவராகியிருந்தார். அஞ்சலாட்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மீன் விற்கிறாள், டவுன் பக்கம் வருவதில்லை, சாயங்காலம் கதவை மட்டும் சாத்துவதில்லை என்றார். அண்ணன் இறந்தது அவளுக்குத் தெரியுமா என்றேன்.

"சொல்லலம்மா," என்றார். "காரியம் பண்ணினாலும் அவ மனசுல அவன் இன்னும் போகல. ஐயா எங்கியோ இருக்காரு, அந்தக் கொரலும் எங்கியோ இருக்குன்னுதான் ஓட்டிக்கிட்டிருக்கா. இத எப்படிச் சொல்றது? ரெண்டாவது தபா தாலிய எறக்கற மாதிரி."

நாளைக்கு எங்கள் அம்மன் தேர், நான் போக வேண்டும் என்று கிளம்பினார். படி இறங்கியவர் நின்று, ஐயாவும் இந்த வருஷம் தேருக்கு வருவதாகப் போன வாரம் மரத்தடியில் பார்த்தபோது சொன்னார், வந்ததே இல்லையே என்று ஆச்சரியப்பட்டேன் என்றார்.

அவர் போன பிறகுதான் அண்ணனின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நோத்தேர் கொடுத்த சான்றிதழ், என் கடிதங்கள், பென்சில்கள். அவற்றுக்கு அடியில் ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் திறந்தே இருந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, நாலாக மடித்த சும்மாட்டுத் துணி. மீன் வாசனை போகும்வரை துவைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து வீராம்பட்டினம் இரண்டு மணி நேர நடைகூட இல்லை. தேருக்குக் கிளம்ப அவருக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

பொட்டலத்தின்மேல் சணல் கயிறு ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. முடிச்சுப் போடவில்லை.